கம்பம் பள்ளத்தாக்கில் சீனி நுழைந்த வழி

ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி சீனி சேர்த்துக்கொள்ளலாம் என்ற கேள்வி இன்று தேனியில் மருத்துவமனை வரிசையிலும் கேட்கிறது, கல்யாணப் பந்தியிலும் கேட்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் பக்கத்துச் சம்சாரி ஒருவரிடம் இதைக் கேட்டிருந்தால் அவருக்குக் கேள்வியே பிடிபட்டிருக்காது. இனிப்பு அவருக்கு நாள் கணக்கில் வரவில்லை. பொங்கல், சாமி கும்பிடு, பெருநாள், கல்யாணம், பிள்ளைப்பேறு என்று விசேஷக் கணக்கில் வந்தது. இடையில் என்ன நடந்தது என்று பார்க்காமல் சீனியைக் குறைப்பது பற்றிப் பேசினால் பேச்சு முழுக்க மனக்கட்டுப்பாட்டைச் சுற்றியே போய்விடுகிறது. வாயைக் கட்டத் தெரியாதவர் என்ற பழி நோயாளியின் தலையில் விழுகிறது. பள்ளத்தாக்கின் வரலாற்றைப் படித்தால் அந்தப் பழி நியாயமாகத் தெரியவில்லை. தண்ணீர், தேயிலை, ரயில், ஆலை, ரேஷன் கடை ஆகிய ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஆண்டில் சில நாட்களுக்கென்று இருந்த இனிப்பை ஒவ்வொரு நாளின் சில வேளைகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தன. அளவு கூடியதைக் காட்டிலும் இந்த இடமாற்றமே பெரியது என்பது என் வாதம்.

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். நடுவே முல்லையாறும் சுருளியாறும் ஓடுகிற சமவெளி. இந்த இடத்துக்கு இனிப்பு அந்நியமாக இருந்ததில்லை. மலையில் பளியர் பழங்குடியினர் தேன் எடுத்தார்கள். வறண்ட தென்கிழக்குச் சீமையிலிருந்து கருப்பட்டி வந்தது. கரும்போ தமிழகத்துக்கு மிகப் பழையது. அதியமானின் முன்னோர் அதை இந்நாட்டுக்குக் கொண்டுவந்ததாக ஔவையாரின் புறநானூற்றுப் பாடல் சொல்கிறது. ஆனால் கரும்பு வெல்லமாக வேண்டுமென்றால் அதற்கு ஒரு விலை உண்டு. பத்துப் பன்னிரண்டு மாதம் நிலத்தில் நிற்க வேண்டும், அதுவரை தண்ணீர் தவறக் கூடாது. பிறகு வெட்டி, மாடு பூட்டிய ஆலையில் ஆட்டி, சாற்றைக் கொப்பரையில் ஊற்றி, கரும்புச் சக்கையையே எரித்துக் காய்ச்ச வேண்டும். சுண்ணாம்பு சேர்த்து அழுக்கை மேலே வரவைத்து அள்ளி, பாகு பதத்துக்கு வந்ததும் இறக்கி, மரத்தொட்டியில் கிளறி ஆறவைத்து, கையால் உருட்டி எடுக்க வேண்டும். இவ்வளவும் செய்தால் நூறு கிலோ கரும்புக்குப் பத்து கிலோ வெல்லம் கிடைக்கும். அதுவும் ஆலையாட்டும் பருவத்தில் மட்டும். இப்படி வந்த மண்டை வெல்லத்தை யாரும் கைபோன போக்கில் கரைத்துக் குடிக்க மாட்டார்கள். அது பானையில் பத்திரமாக இருந்து, தைப் பொங்கலுக்கும், சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு எடுக்கும் மாவிளக்குக்கும், தீபாவளி அதிரசத்துக்கும், பொரிவிளங்காய் உருண்டைக்கும், கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் ராவுத்தர் வீட்டுப் பெருநாள் பலகாரத்துக்கும் வெளியே வந்தது. அன்றாடத் தட்டில் சோளமும் கம்பும் கேழ்வரகும் சாமையும் இருந்தன. தொட்டுக்கொள்ள உப்பும் மிளகாயும் வெங்காயமும் துவையலும். இனிப்பு எப்போது வரும் என்பதை விளைச்சலும் பஞ்சாங்கமும் முடிவு செய்தன.

முதலில் மாறியது தண்ணீர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் மதுரைச் சீமையை விட்டுவைக்கவில்லை. மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய பெரியாற்றைத் தடுத்து மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு அதன் பிறகுதான் வேகம் பிறந்தது. 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். 1887இல் ஜான் பென்னிகுயிக் தலைமையில் வேலை தொடக்கம். 1895 அக்டோபரில் அணை திறப்பு. இன்று கூடலூருக்கு மேலே லோயர் கேம்ப்பிலிருந்து தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைவது இந்தத் தண்ணீரில்தான். பாலார்பட்டியில் ஜனவரி 15ஆம் தேதி, பென்னிகுயிக் பிறந்த நாளில், அவர் பெயரால் ஊரே கூடிப் பொங்கல் வைக்கிறது. பட்டினியிலிருந்து மீண்டவர்களின் பேரப்பிள்ளைகள் சொல்கிற நன்றி அது. அந்த நன்றியில் ஒரு துளியும் மிகையில்லை. தண்ணீர் வந்த பிறகு பள்ளத்தாக்கின் நடுப்பகுதியில் புன்செய்த் தானியம் ஓரத்துக்கு ஒதுங்கி, நெல்லும் வாழையும் கரும்பும் முன்னால் வந்தன. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் காய்க்கிறதென்றால் அதற்கும் இந்த மண்ணோடு சேர்ந்த நீரே அடிப்படை. ஆனால் இதை மட்டும் வைத்து 1895லேயே பள்ளத்தாக்கு இனிப்புக்குப் பழகிவிட்டது என்று சொல்ல முடியாது. விளைந்த நெல்லும் வெல்லமும் சந்தைக்குப் போயின. வயலில் வேலை செய்தவர் வீட்டில் கூழும் களியும் இன்னும் பல காலம் நீடித்தன. தண்ணீர் இடத்தைத் தயார் செய்தது, அவ்வளவுதான்.

இனிப்பை வேளைக் கணக்குக்குக் கொண்டுவந்தது தேயிலை. இந்தக் கதையில் தேனி மாவட்டத்துக்கு ஒரு தனி இடம் உண்டு, அதை விரித்துச் சொல்ல வேண்டும். மூணாறு மலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோட்டங்கள் பெருகியபோது, அங்கே விளைந்த தேயிலை வெளியுலகுக்குப் போன வழி போடிநாயக்கனூர். குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷனுக்கு ரயில். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு பெட்டிகள் குரங்கணிக்கு இறங்கும். குரங்கணியிலிருந்து வண்டிகளில் போடிக்கு. 1924 வெள்ளம் மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் பாதை வந்தது. தேயிலைப் பெட்டி இந்த ஊர்க்காரர்களின் தோளிலும் வண்டியிலும் கடந்து போன அந்த ஆண்டுகளில் அதைக் குடிக்கும் வழக்கம் அவர்களுக்குப் பெரிதாக இல்லை. அது லண்டனுக்குப் போகிற சரக்கு. 1929க்குப் பிறகு உலகச் சந்தை சரிந்தது. 1933 சர்வதேச ஒப்பந்தம் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டியது. தேங்கிய தேயிலையை உள்நாட்டிலேயே விற்றாக வேண்டிய நெருக்கடியில் தேயிலை முதலாளிகளின் வாரியம் ஊர் ஊராக இலவசமாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்தது. எப்படிப் போடுவது, பாலும் சீனியும் எப்போது சேர்ப்பது என்று விளக்கும் பலகைகளை ரயில் நிலையங்களில் வைத்தது. தமிழகத்தில் காப்பி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும் தேநீர் உழைப்பாளிகளின் பானமாகவும் பிரிந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரையில் ஆராய்ந்திருக்கிறார். அந்தப் பிரிவு பள்ளத்தாக்கில் மிகத் துலக்கமாகத் தெரியும். விடியுமுன் ஜீப் ஏறி குமுளி, வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற கூலியாட்களின் நாள் டீக்கடையில்தான் தொடங்குகிறது. நீராகாரமும் மோரும் இருந்த இடத்துக்குத் தேநீர் வந்தபோது கூடவே வேறு ஒரு சங்கதியும் வந்தது. நீராகாரத்தில் உப்புப் போடுவார்கள். தேநீரில் சீனி போட வேண்டும். துவர்ப்பும் கசப்புமான ஒரு பானத்தை நாளுக்கு மூன்று நான்கு முறை குடிக்க வேண்டுமென்றால் அதை இனிப்பாக்கித்தான் ஆக வேண்டும். பண்டிகைக்குக் காத்திருந்த இனிப்பு இப்படித்தான் காலை ஆறு மணிக்கும் பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் வந்து உட்கார்ந்தது.

இந்தப் புதிய தேவையை வெல்லத்தால் நிரப்பியிருக்க முடியாது. அது பருவத்துக்கு மட்டும் வரும், ஈரம் பட்டால் கசியும், பாலில் போட்டால் சில நேரம் திரியும். வெள்ளைச் சீனிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதில் பெரும்பங்கு ஜாவாவிலிருந்து இறக்குமதியான காலம் ஒன்று இருந்தது. கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912இல் தொடங்கி, பார்பரும் அவருக்குப் பின் டி. எஸ். வெங்கட்ராமனும் உருவாக்கிய புதிய ரகங்கள் இந்தியக் கரும்பின் சாற்றைக் கூட்டின. 1932இன் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் இறக்குமதிக்குத் தடுப்புச் சுவர் எழுப்பியது. முப்பதைச் சுற்றி இருந்த நாட்டின் சீனி ஆலைகள் ஐந்தாறு ஆண்டுகளில் நூறைத் தாண்டின. தேயிலை உள்நாட்டில் குடிப்பவர்களைத் தேடிப் புறப்பட்டதும் சீனி உள்நாட்டில் மலிந்ததும் ஒரே பத்தாண்டில் நடந்தவை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மற்றது இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். தேனி மாவட்டத்துக்கே ஒரு பெரிய ஆலை பிற்பாடு வந்தது. 1959இல் திறந்த வைகை அணைக்குப் பக்கத்தில், வரதராஜ் நகரில், ராஜஸ்ரீ நிறுவனத்தின் சர்க்கரை ஆலை எழுந்தது. ஆலைக்கென்று கரும்பு வட்டாரத்தை ஒதுக்கும் 1966ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டு ஆணை ஏற்கெனவே நடப்பில் இருந்தது. ஊர்க் கொப்பரைக்குப் போன கரும்பில் ஒரு பங்கு லாரியேறியது. கடைசிக் கண்ணி ரேஷன் கடை. இரண்டாம் உலகப் போர்க்காலப் பஞ்சத்தில் பங்கீட்டுக்குள் வந்த சீனி, பிற்பாடு ரேஷன் கடையில் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்குத் தலைக்கு 500 கிராம், அட்டைக்கு அதிகபட்சம் 2 கிலோ என்பது மாதக் கணக்கு. அரிசி வேண்டாமென்று சர்க்கரை அட்டை எடுத்தவர்களுக்குக் கூடுதலாக 3 கிலோ. 2017 நவம்பரில் விலை கிலோவுக்கு 13.50 ரூபாயிலிருந்து 25 ரூபாயானது. அப்போதும் வெளிக்கடை விலையைவிடக் குறைவுதான். அரிசி, பருப்பு, எண்ணெயோடு சீனியும் வாழ்வதற்கு அவசியமான பண்டம் என்று அரசே முத்திரை குத்திய பின், அதை விசேஷத்துக்கென்று எடுத்துவைப்பது எந்த வீட்டுக்கும் தோன்றாது.

இனி அளவுக்கு வருவோம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 2 கிலோ ரேஷன் சீனி என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 17 கிராம். இது அடித்தளம் மட்டும். டீக்கடைக் கோப்பை ஒன்றில் இரண்டு கரண்டி, அதாவது 10 கிராம் என்று வைத்துக்கொண்டால், மூன்று தேநீரில் 30 கிராம் போய்விடும். பன்னும் பிஸ்கட்டும் குளிர்பானமும் தனிக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பு, சேர்த்த சர்க்கரை மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது. இயன்றால் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 25 கிராம். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே 25 கிராமில்தான் வந்து நிற்கிறது. பலகாரம் எதையும் தொடாமல், ‘இனிப்பே சாப்பிடறதில்ல’ என்று மனதார நம்புகிற ஒருவர் தேநீரிலேயே அந்த எல்லையைத் தாண்டுகிறார். பொங்கலன்று இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டதற்குக் குற்ற உணர்ச்சி கொள்கிறவர், ஆண்டின் மற்ற 364 நாளும் குடித்த தேநீரை எண்ணுவதில்லை.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். அந்தக் காலத்தவர் அடக்கமாக இருந்தது ஞானத்தாலா? இல்லாமையால்தானே? கிடைத்திருந்தால் அவர்களும் தின்றிருப்பார்கள்; அதுவுமில்லாமல் நாற்பது ஐம்பது வயதில் செத்துப்போனவர்களுக்கு நீரிழிவு வர நேரம் எங்கே இருந்தது? இந்த மறுப்பில் பெரும்பகுதி சரி. பஞ்சம் கண்ட தலைமுறையின் வெறும் பானையை ஆரோக்கிய உணவு என்று கொண்டாடுவது அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. நோயும் புதிதில்லை, சித்த மருத்துவம் மேக நோயை இருபது வகையாகப் பிரித்து, மதுமேகத்தை அதில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைப்பதாகத் தெரியவில்லை. முன்னோருக்கு நம்மைவிட மன உறுதி இருந்தது என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு மன உறுதி தேவைப்படவில்லை என்கிறேன். வேலை மிகுந்த, பருவத்துக்கு மட்டும் கிடைத்த, விலை உயர்ந்த பொருள் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொண்டது. அந்தக் கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, அவை எல்லாம் சேர்ந்து செய்த வேலையை ஒரு தனிமனிதனின் மனம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கோப்பைக்கும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அது பெரும்பாலும் தோற்கும். தோற்கிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு பதில் இப்போது மிகவும் செல்வாக்காக இருக்கிறது: சீனிதான் விஷம், நாட்டுச்சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் திரும்பினால் போதும். நாட்டுச்சர்க்கரை டீ என்று தனிப் பலகை வைத்த கடைகள் நெடுஞ்சாலை நெடுகிலும் முளைத்திருக்கின்றன. வெல்லம் காய்ச்சுகிறவர்களின் பிழைப்புக்கு இது நல்லது என்பதால் இதைக் கடிந்து பேசக் கூச்சமாகவே இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். இந்திய உணவுச் சத்து அட்டவணைகளில் நூறு கிராம் வெல்லத்துக்கு 383 கலோரி, சீனிக்கு 398. வித்தியாசம் அவ்வளவே. வெல்லத்தில் கொஞ்சம் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு; அவை ஒரு நாளைக்கு ஒரு கரண்டியில் கிடைக்கும் அளவு அற்பம், கீரையிலும் கேழ்வரகிலும் கிடைப்பதோடு ஒப்பிட முடியாது. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் வெல்லமும் பின்தங்கியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வெல்லம், தேன், பழச்சாறு எல்லாம் சீனியோடு ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. முழுப் பழமும் பாலும் அதற்கு வெளியே. கம்பம் திராட்சையைக் கொத்தாகச் சாப்பிடுவதும் அதையே பிழிந்து சீனி போட்டுக் குடிப்பதும் வேறு வேறு. வெல்லம் நம் முன்னோருக்குக் கெடுதல் செய்யாமல் இருந்ததற்குக் காரணம் அதன் நிறத்தில் இல்லை, அது அபூர்வமாக வந்ததில் இருந்தது. அதே வெல்லத்தை நாளுக்கு நான்கு கோப்பையில் கரைத்தால் பழையதிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது வெறும் பொருளை மட்டும்தான். அதைக் காத்த பழக்கம் கைவிட்டுப் போய்விடுகிறது. மஞ்சள் பளபளக்க வேண்டுமென்று ஹைட்ரோஸ் என்கிற வெளுப்பு ரசாயனம் போட்ட வெல்லமும் சந்தையில் கலந்திருக்கிறது என்பது தனிக் கவலை.

உண்மையான பலமுள்ள மறுப்பு அரிசி பற்றியது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது. அதே ஆய்வுக் குழுவின் 2025ஆம் ஆண்டு உணவு ஆய்வு, இந்தியர் உண்ணும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகக் கண்டது. தட்டு நிறைய வெள்ளைச் சோறு இருக்க, தேநீரில் உள்ள இரண்டு கரண்டியை மட்டும் துரத்துவானேன் என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் சோறும் சீனியும் பள்ளத்தாக்குக்குள் ஒரே வாசல் வழியே வந்தன என்பதை மறந்துவிடக் கூடாது: 1895இன் தண்ணீர் நெல்லை இருபோகமாக்கியது, 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமலே வந்தது, அதே கடையில் அதே பையில் சீனியும் வந்தது. இரண்டும் எதிரிகளல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிற சுமை. சோற்றுக்கும் சோற்றுக்கும் இடையில் உடலுக்குக் கிடைத்த இடைவெளியைத் தேநீர்ச் சீனி அடைத்துவிடுகிறது. சிறுதானியத்துக்கு மாறினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கும் 2025 ஆய்வில் ஒரு எச்சரிக்கை உண்டு. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் ஒரு தானியத்துக்குப் பதில் இன்னொன்றை வைப்பதால் பலன் தெரியவில்லை; மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை விட்டுப் பருப்பு, பால் போன்ற புரதத்தைச் சேர்த்தபோதுதான் தெரிந்தது.

கூலிக்காரருக்குச் சீனியே தெம்பு என்பதும் அடிக்கடி கேட்கிற சொல். ஏலத்தோட்டத்துச் சரிவில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கிறவருக்கு ஆற்றல் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கோப்பைத் தேநீரில் உள்ள 10 கிராம் சீனி தருவது 40 கலோரி. 50 கிராம் நிலக்கடலை ஏழு மடங்கு தரும், பன்னிரண்டு கிராம் புரதத்தோடு. தேநீர் பசியை ஆற்றுவதில்லை, சற்று நேரம் மறக்க வைக்கிறது. விடியற்காலையில் அடுப்பு மூட்டக்கூட நேரமில்லாமல் ஓடுகிறவருக்கு வேறு வழி இல்லாததால்தான் அது உணவின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ‘அண்ணே, சீனி கம்மியா ஒரு டீ’ என்று கேட்கிற பழக்கம் பள்ளத்தாக்கின் கடைகளில் இப்போது சகஜமாகியிருப்பது நல்ல அறிகுறி. நாக்கு சில வாரங்களில் குறைந்த இனிப்புக்குப் பழகிவிடும். ஆனால் அந்தக் கோப்பையோடு ஒரு கை கடலையோ சுண்டலோ கிடைத்தால்தான் உழைப்பவருக்கு அது பொருந்தும்.

வெளியிலிருந்து வந்த ஐந்து காரணங்கள் சேர்ந்து செய்ததை வீட்டுக்குள் மட்டும் வைத்துச் சரிசெய்ய முடியாது என்றால், எளிதாகக் கைக்கு எட்டுவது ரேஷன் அட்டை. அரிசியை விட்டுக்கொடுத்துச் சீனி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. 2023 முதல் தருமபுரியிலும் நீலகிரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம். அதே வழியில், சீனி வேண்டாதவர் அதற்கு ஈடாகக் கூடுதல் துவரம்பருப்போ கடலையோ வாங்கிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம். யாரிடமிருந்தும் சீனியைப் பறிக்க வேண்டியதில்லை, விரும்புகிறவர் எடுத்துக்கொள்ளட்டும். கரும்பு விவசாயி என்னாவார் என்ற கேள்விக்கு, கரும்பு இன்று சீனிக்காக மட்டும் அரைபடவில்லை, எத்தனாலும் மின்சாரமும் அதிலிருந்து வருகின்றன என்பது ஒரு பதில். கட்டுபடியாகும் விலையில் பருப்பைக் கொள்முதல் செய்தால் ஆண்டிபட்டி, கடமலைக்குண்டுப் பக்கத்து மானாவாரி நிலத்துக்காரருக்கு இதுவரை கிடைக்காத சந்தை ஒன்று கிடைக்கும் என்பது இன்னொன்று. இந்த மாற்று ஏற்பாட்டின் சோதனை முயற்சியை அந்தப் பக்கத்து ரேஷன் கடைகளிலிருந்தே தொடங்கலாம்.